றோட்டுக்குப் புள்ளி போடுவது யார்?

ஜோன் லௌடன் மக்கடம் என்ற ஸ்கொட்லாந்துக்காரரைப் பற்றி ஒரு பழைய கதை இருக்கு. றோட்டுக்குப் போடும் கல் எவ்வளவு பெரிசா இருக்கலாம் என்று தொழிலாளர்களுக்கு அவர் சுலபமான ஒரு விதி சொல்லிக்கொடுத்தாராம். கல் வாய்க்குள் அடங்கினால் சரி, அடங்காவிட்டால் இன்னும் உடைக்க வேணும். ஒருநாள் மேற்பார்வைக்குப் போனபோது ஒரு குவியலில் மட்டும் எல்லாக் கல்லும் பெரிசா இருந்ததாம். உடைத்தவரைக் கூப்பிட்டு விசாரித்தால், அவர் வாயைத் திறந்து காட்டினாராம். உள்ளே ஒரு பல்கூட இல்லை.

கதை நடந்ததோ இல்லையோ, மக்கடம் (1756–1836) கல்லின் அளவில் கறாராக இருந்தது உண்மை. ஆறு அவுன்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய 170 கிராமுக்கு மேற்பட்ட கல் றோட்டுக்கு ஆகாது என்றார். மேற்பார்வையாளர் கையில் ஒரு தராசும் ஆறு அவுன்ஸ் படிக்கல்லும் இருக்க வேண்டும், பெரிசாகத் தெரிகிற கல்லை எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

வாய் ஆளுக்கு ஆள் மாறும். படிக்கல் மாறாது. நான் நிறுத்த கல்லை நாளைக்கு நீங்கள் திரும்ப நிறுத்துப் பார்த்து, "இவள் சொன்னது சரிதான்" என்றோ "பொய்" என்றோ சொல்லலாம். றோட்டைப் பற்றிய தரவின் தரம் என்று இன்றைக்குப் பொறியியலாளர்கள் பக்கம் பக்கமாக எழுதுவதன் விதை இந்தப் படிக்கல்லில் இருக்கு.

இதை வாசிக்கிற நீங்கள், "ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு றோட்டுக் கணக்கோட என்ன வேலை?" என்று கேட்கலாம். வேலை இருக்கு. எந்த றோட் முதலில் திருத்தப்படும், எது இன்னும் பத்து வருசம் காத்திருக்கும் என்பது ஒரு பட்டியலில் தீர்மானமாகிறது. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கு. அந்த எண்ணை யார் எடுத்தார்கள், எதால் எடுத்தார்கள், யார் சரிபார்த்தார்கள் என்பது வரலாற்றுக் கேள்வி, அரசியல் கேள்வியும்கூட. கொச்சிக்கடை மாதிரி ஒரு இடத்தில் இருந்து பார்த்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

தலைகளை எண்ணிய காலம்

இலங்கையின் றோட்டு வரலாற்றில் முதலில் துல்லியமாக எண்ணப்பட்டது மனிதர்களைத்தான்.

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கொழும்பு–கண்டி வீதி மலையைக் குடைந்து போடப்பட்டது. அந்த வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்தார். கடுகண்ணாவையில் நிற்கிற கோபுரம் அவருடைய நினைவுக்குக் கட்டியது. இன்னொருவர் தோமஸ் ஸ்கின்னர். பதின்ம வயதிலேயே வீதி வேலைக்கு வந்து, 1867இல் ஓய்வு பெறும் வரைக்கும் இந்தத் தீவின் றோட்டுகளோடேயே வாழ்ந்தவர். அவருடைய நினைவுக் குறிப்புகள் இறந்த பிறகு 1891இல் நூலாக வந்தன. கோபுரமும் நூலும் இவர்களுக்குக் கிடைத்தன. கல் சுமந்தவர்கள் ராஜகாரிய முறையில் கூலியில்லாமல் கொண்டுவரப்பட்ட ஊர்மக்கள். அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

1830களின் தொடக்கத்தில் கோல்புரூக் ஆணைக்குழுவின் பரிந்துரையோடு ராஜகாரியம் ஒழிந்தது. ஆனால் றோட்டுக்கு ஆள் வேண்டுமே! 1848இல் ஆளுநர் டொரிங்டன் காலத்தில் வீதிக் கட்டளைச் சட்டம் வந்தது. 18 வயது முதல் 55 வயது வரையான ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் றோட்டில் வேலை செய்ய வேணும், இல்லாவிட்டால் மூன்று ஷில்லிங் கட்ட வேணும். அதே ஆண்டில் மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்குக் காரணமான வரிகளில் இதுவும் ஒன்று.

அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்டது. றோட்டு வரி வேறு சட்டங்களுக்குள் புகுந்து, தலைவரி என்ற பெயரோடு அடுத்த நூற்றாண்டு வரைக்கும் நீடித்தது. 1922இல் ஏ. ஈ. குணசிங்க அதைக் கட்ட மறுத்துப் போராடினார். போராட்டத்துக்குப் பிறகுதான் அந்த வரி நீங்கியது. இதே குணசிங்கதான் பிற்காலத்தில் கொழும்பு மேயராகவும், எங்கட பகுதி அடங்கிய மத்திய கொழும்பின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் வந்தவர்.

இந்த வரி வேலை செய்ய ஒரு கணக்கு வேண்டும். எந்த ஊரில் எத்தனை ஆண்கள், யாருக்கு எத்தனை வயது, யார் வேலை செய்தார், யார் காசு கட்டினார் என்று பெயர்ப் பட்டியல் போட்டார்கள். ஒரு தலை தவறினால் அரசுக்கு நட்டம், அதனால் அந்தக் கணக்கில் கவனம் இருந்தது. "றோட் இப்ப எப்பிடி இருக்கு?" என்ற கேள்விக்கு அப்படி ஒரு படிக்கல் இருக்கவில்லை. அதிகாரி குதிரையில் போய்ப் பார்த்து எழுதியதுதான் பதில். அவர் போன நாளில் வெயிலா மழையா, அவருடைய குதிரை நல்லதா நொண்டியா என்பதெல்லாம் அந்தப் பதிலுக்குள் கலந்திருக்கும்.

எதில் பிழை விட்டால் தனக்கு நட்டம் வருமோ, அதைத்தான் ஒரு நிர்வாகம் கவனமாக அளக்கும். மற்றதெல்லாம் "பரவாயில்லை", "மோசம்" என்ற சொற்களோடு போய்விடும்.

றோட்டில் போகிறவரிடம் கேட்டார்கள்

"பரவாயில்லை"யை எண்ணாக்கும் பெரிய முயற்சி அமெரிக்காவில் நடந்தது. இலினோய் மாநிலத்தின் ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில், 1950களின் கடைசியில், ஆஷோ வீதிச் சோதனை என்று ஒன்றை நடத்தினார்கள். சோதனைக்கென்றே வளைய வளையமாக றோட் போட்டு, அதில் 1958 முதல் 1960 வரை இராணுவச் சாரதிகள் லொறிகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டினார்கள். ஒவ்வொரு துண்டும் எவ்வளவு சுமையில் எப்போது உடைகிறது என்று குறித்துக்கொண்டார்கள்.

அதில் இருந்து வந்த ஒரு விதி இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கு. ஒரு அச்சின் சுமை இரண்டு மடங்கானால், அது றோட்டுக்குச் செய்யும் சேதம் ஏறக்குறைய 16 மடங்கு. துறைமுக வாசலில் இருக்கிற எங்கட பகுதிக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொள்கலன் லொறி ஒன்று திரும்புகிற முடக்கில் தார் எப்படி அலையலையாகச் சுருண்டு கிடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்தச் சோதனையின்போது கேரி, ஐரிக் என்ற இருவர் ஒரு கேள்வி கேட்டார்கள். றோட் "கெட்டுப்போச்சு" என்று சொல்வதற்கு யாருக்கு உரிமை? பொறியியலாளருக்கா, அதில் போகிறவருக்கா? அவர்கள் ஒரு குழுவை வாகனத்தில் ஏற்றிப் பல றோட்டுகளில் கூட்டிப்போய், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை புள்ளி போடச் சொன்னார்கள். பிறகு அதே றோட்டுகளின் மேடுபள்ளம், வெடிப்பு, ஒட்டுப்போட்ட பரப்பு எல்லாவற்றையும் கருவியால் அளந்து, எது அந்தப் புள்ளியோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார்கள். வெடிப்பும் ஒட்டும் பெரிசாகக் கணக்கில் வரவில்லை. போகிறவர் போட்ட புள்ளியைப் பெரும்பாலும் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: வண்டி எவ்வளவு குலுங்கியது?

இது ஒரு பெரிய மாற்றம். றோட்டின் நிலை என்பது தாரின் நிலை மட்டும் இல்லை, அதில் போகிற உடம்புக்கு நடப்பதும்தான் என்று ஏற்றுக்கொண்டார்கள். அந்த உடம்பு வாகனத்துக்குள் உட்கார்ந்திருந்த உடம்பு என்பதையும் இங்கேயே குறித்துவைத்துக்கொள்ளுங்கோ. இந்த இடத்துக்குத் திரும்ப வருவோம்.

ஒன்றோடொன்று பேசாத எண்கள்

1970களில் உலக வங்கியும் பிரித்தானிய ஆய்வாளர்களும் வறிய நாடுகளின் பக்கம் வந்தார்கள். மோசமான றோட்டால் ஒரு நாட்டுக்கு எவ்வளவு செலவு? எரிபொருள், ரயர், உதிரிப்பாகம், நேரம் எல்லாவற்றையும் கூட்டினால் என்ன வரும்? இதற்காகக் கென்யாவில் 1971 முதல் 1975 வரை ஒரு ஆய்வு, அதே பத்தாண்டில் பிறேசிலில் ஒன்று, 1977 முதல் இந்தியாவில் மத்திய வீதி ஆராய்ச்சி நிலையம் நடத்திய ஒன்று என்று வரிசையாக நடந்தன.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒவ்வொரு நாட்டிலும் குலுக்கத்தை ஒவ்வொரு கருவியால் அளந்திருந்தார்கள். ஒன்று வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஒற்றைச் சில்லு. இன்னொன்று காரின் பின் அச்சில் பூட்டிய மானி. ஒன்றின் கணக்கு கிலோமீற்றருக்கு மில்லிமீற்றர், இன்னொன்று வேறொரு சுட்டெண். கென்யாவின் 4,000மும் பிறேசிலின் 80உம் ஒரே குலுக்கமா என்று கேட்டால் பதில் இல்லை.

அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. ஒரே காரே வருசத்துக்கு வருசம் மாறியது. ஷொக் அப்சோர்பர் தேயும். ரயரில் காற்று குறையும். பின் சீற்றில் இன்னொரு ஆள் ஏறுவார். சாரதி கொஞ்சம் வேகமாகப் போவார். றோட் அப்படியே இருக்க, எண் மட்டும் கூடிக் குறையும். போன வருசத்தை விட றோட் மோசமாகிவிட்டது என்று அறிக்கை சொல்லும், உண்மையில் மோசமானது காரின் ஷொக் அப்சோர்பர். பல் போன தொழிலாளியின் கதைதான் இது, இந்த முறை இயந்திரத்துக்குப் பல் இல்லை.

இதைத் தீர்க்க 1982இல் பிறேசிலியாவில் எல்லாரும் ஒன்றுகூடினார்கள். வழவழப்பான தார் றோட்டில் இருந்து குண்டும் குழியுமான மண் றோட் வரைக்கும் 49 துண்டுகளைத் தெரிந்தெடுத்து, பல நாட்டுக் கருவிகளை அதே துண்டுகளில் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். நில அளவையாளர் பாவிக்கிற லெவல் கருவியையும் அளவுச் சட்டத்தையும் வைத்து அதே துண்டுகளின் மேடுபள்ளத்தைக் கையாலும் அளந்தார்கள். கருவி சொல்வதை நம்பலாமா என்று பார்க்க, கருவியில் தங்காத இன்னொரு அளவு வேண்டும் அல்லவா?

அதில் இருந்து பிறந்ததுதான் சர்வதேச கரடுமுரடுச் சுட்டெண். சுருக்கமாக ஐ.ஆர்.ஐ. என்பார்கள். 1986இல் உலக வங்கி அதை இரண்டு தொழினுட்ப அறிக்கைகளாக வெளியிட்டது. இலங்கையின் வீதித் திட்ட ஆவணங்களிலும் இந்தப் பெயர் சாதாரணமாக வரும். இதில் பெரிய புத்திசாலித்தனம் என்னவென்றால், அந்தக் கார் உண்மையில் இல்லவே இல்லை. ஒரு சில்லு, ஒரு சுருள்வில், ஒரு ஷொக் அப்சோர்பர், காரின் நாலில் ஒரு பங்கு பாரம், இவ்வளவையும் கணிதத்தில் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அளந்தெடுத்த மேடுபள்ளத்தின் மேல் அந்தக் கற்பனைச் சில்லை மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் ஓடவிட்டால், ஒரு கிலோமீற்றருக்குள் அதன் சுருள்வில் மொத்தம் எத்தனை மீற்றர் ஏறி இறங்கும்? அதுதான் ஐ.ஆர்.ஐ. புதிதாகப் போட்ட றோட் 1.5க்கும் 3.5க்கும் இடையில் வரும். சேதமான தார் றோட் 4இல் இருந்து 11 வரை போகும். அதற்கும் மேலே மோசமான மண் றோட்டுகள்.

இந்தக் கற்பனைக் காருக்குத் 'தங்கக் கார்' என்று பெயர். ரயர் தேயாது, காற்று இறங்காது, சாரதிக்குத் தூக்கம் வராது.

அந்த அறிக்கைகளில் எனக்கு ஆக முக்கியமாகப் படுவது இன்னொன்று. அளக்கும் முறைகளை நாலு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் இரண்டு வகுப்பும் மேடுபள்ளத்தை நேரடியாக அளப்பவை. முதலாவது மிகத் துல்லியம், இரண்டாவது கொஞ்சம் குறைவு. மூன்றாவது, வண்டியின் குலுக்கத்தை எடுத்து ஐ.ஆர்.ஐ.யாக மாற்றுவது. நாலாவது, கண்ணால் பார்த்தோ ஓடிப்பார்த்தோ மதிப்பிடுவது, அளவு சரிபார்க்காத கருவியால் எடுப்பது. நாலாவதையும் அவர்கள் தூக்கி வீசவில்லை. ஒன்றும் இல்லாததற்கு அதுவும் உதவும். ஆனால் எந்த எண் எந்த வகுப்பில் இருந்து வந்தது என்பதை எண்ணோடு சேர்த்தே சொல்ல வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் அதன் பிறப்புச் சான்றிதழும் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அர்த்தம்.

தங்கக் கார் கொச்சிக்கடைக்கு வந்தால்

இப்ப அந்தக் காரை எங்கட பக்கம் கொண்டுவருவோம். ஜம்பட்டா வீதியிலோ புதுச்செட்டித் தெருவிலோ மணிக்கு 80இல் போகிற வாகனத்தை நீங்கள் எப்போதாவது கண்டதுண்டா? பின்னேரம் நாலு மணிக்கு அங்கே நடந்து போகிறவர்தான் முதலில் போய்ச் சேருவார்.

இது வெறும் பகிடி இல்லை. வாகனத்தில் பூட்டிய அளவுக் கருவிகள் பலவற்றுக்கு ஓரளவு சீரான வேகம் தேவை. நின்று நின்று போகிற தெருவில் அவற்றின் அளவு குழம்பும். மேன்ஹோல் மூடி, குழாய் போடத் தோண்டி மூடிய தழும்பு, வேகத்தடை, சந்திக்குச் சந்தி மாறும் சரிவு எல்லாம் எண்ணுக்குள் ஏறும். அது பிழையான எண் என்று நான் சொல்லவில்லை. நெடுஞ்சாலைக்குத் தைத்த சட்டையை ஒழுங்கைக்குப் போட்டுவிட்டால், பொத்தான் எங்கே பொருந்தும்?

இன்னொரு பக்கமும் இருக்கு. இந்தத் தெருக்களைப் பாவிக்கிறவர்கள் யார்? வெங்காய மூட்டையை அடுக்கிக் கைவண்டில் தள்ளுகிற நாட்டாமைத் தொழிலாளர். அவருடைய வண்டிலில் சுருள்வில்லும் இல்லை, ஷொக் அப்சோர்பரும் இல்லை. பிள்ளையை முன்னால் நிறுத்தி, கிடங்குக்குக் கிடங்கு வெட்டி வெட்டிப் போகிற ஓட்டோ. செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு நடந்து வருகிற கூட்டம், அதில் கைத்தடியோடு வருகிற அம்மம்மாமார். ஆடிவேலுக்குச் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டி நோக்கி இழுக்கப்படுகிற ரதம். இவர்களில் ஒருவரும் இலினோயில் புள்ளி போட்ட குழுவில் இல்லை. நடக்கிற அம்மம்மாவுக்கு ஒரு கிலோமீற்றரின் சராசரிக் குலுக்கத்தால் ஒன்றும் ஆகாது. மழைத்தண்ணீர் மூடிய ஒரே ஒரு கிடங்குதான் அவருடைய இடுப்பு எலும்பை உடைக்கும். சராசரி எண்ணில் அந்தக் கிடங்கு கரைந்துபோகும்.

இதோடு நிர்வாகப் பிரிவினையும் சேரும். 1981ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு ஏ, பி தர வீதிகள். மாகாண சபைகளுக்கு சி, டி தர வீதிகள். மிச்சச் சிறு தெருக்களும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. உலகம் முழுக்க நடப்பது என்னவென்றால், பெரிய வீதிக்குக் கடன் வரும், கடனோடு அளவீடும் வரும். சின்ன ஒழுங்கைக்கு முறைப்பாட்டுக் கடிதம்தான் அளவீடு. கடிதம் எழுதத் தெரிந்தவர், அதை எங்கே கொடுப்பது என்று தெரிந்தவர், எந்த மொழியில் எழுதினால் வாசிப்பார்கள் என்று தெரிந்தவர் இருக்கிற ஒழுங்கை முந்திக்கொள்ளும்.

சைக்கிள் சில்லும் பஸ்ஸும்

சின்ன றோட்டைக் குறைந்த செலவில், ஆனால் ஒழுங்காக அளக்க வழியே இல்லையா? இருக்கு. பிரித்தானிய வீதி ஆய்வுகூடத்தில் வேலை செய்த கண்டில் என்பவர் 1991இல் மெர்லின் என்று ஒரு கருவியை விவரித்தார். ஒரு இரும்புச் சட்டம், முன்னுக்கு ஒரு சைக்கிள் சில்லு, பின்னுக்கு ஒரு கால், நடுவில் நிலத்தைத் தொடுகிற ஒரு ஊசிக் கால், மேலே ஒரு தாள். வெல்டிங் கடையில் செய்யலாம். சில்லு ஒரு சுற்றுச் சுற்றியதும் நிறுத்தி, ஊசி காட்டும் இடத்தில் தாளில் ஒரு புள்ளடி. இப்படி 200 தடவை. றோட் வழவழப்பென்றால் புள்ளடிகள் நடுவில் குவியும், கரடுமுரடென்றால் இரண்டு பக்கமும் பரவும். இரண்டு நுனியிலும் பத்துப் பத்துப் புள்ளடிகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தின் அகலத்தை அளந்து ஒரு எளிய சமன்பாட்டில் போட்டால் ஐ.ஆர்.ஐ. வரும். நடக்கிற வேகம் போதும். அதோடு நான் அளந்த துண்டை நீங்களும் அளந்து பார்க்கலாம்.

அடுத்தது எங்கட ஊர்க் கதை. 2007இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கற்கை நிலையத்தைச் சேர்ந்த கசுன் டி சொய்சாவும் அவருடைய குழுவினரும் பஸ்நெட் என்ற ஒன்றைப் பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பொதுப் போக்குவரத்து பஸ்களில் குலுக்கத்தை உணரும் சின்னக் கருவியையும் ஜி.பி.எஸ்.ஐயும் பூட்டுவது, பஸ் போகிற வழியெல்லாம் றோட்டின் நிலை பதிவாவது, பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் தரவை இறக்குவது. தரவைக் கொண்டுபோக இன்ரநெற் தேவையில்லை, பஸ்ஸே அதைச் சுமந்து போகும். ஸ்மார்ட்போன் எங்கட கைக்கு வர முந்தியே இந்த யோசனை கொழும்பில் வந்துவிட்டது.

அடுத்த வருசம், 2008இல், பொஸ்டனில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஏழு டாக்சிகளில் இதே மாதிரி ஒன்றைச் செய்தார்கள். பெங்களூரில் மைக்ரோசொப்ட் ஆய்வுக்குழு, போனைக் காரில் வைத்தே கிடங்கு, பிரேக், ஹோர்ன் சத்தம் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கப் பார்த்தது. இவர்கள் எல்லாரையும் வருத்திய பிரச்சினை ஒன்றுதான்: குலுங்கினால் கிடங்கு என்று எப்படி முடிவெடுப்பது? ரயில் கடவையும் குலுக்கும். பாலத்து இணைப்பும் குலுக்கும். சாரதி சட்டென்று பிரேக் பிடித்தாலும், யாரும் கதவை அடித்துச் சாத்தினாலும் கருவி துள்ளும். எம்.ஐ.டி. குழு செய்த காரியம் எளிமையானது. ஒரே இடத்தில் பல தடவை அதே குலுக்கம் பதிவானால்தான் அதைக் கிடங்கு என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு சாட்சி போதாது.

2012இல் பொஸ்டன் நகரசபை, பொதுமக்கள் தங்கட போனிலேயே ஓடவிடக்கூடிய 'ஸ்ட்ரீட் பம்ப்' என்ற செயலியைக் கொண்டுவந்தது. காரும் நல்ல போனும் இருக்கிற ஆட்களின் தெருக்களில் இருந்துதான் தரவு குவியும், வறிய பகுதிகளும் முதியவர்கள் வாழும் பகுதிகளும் வரைபடத்தில் வெறுமையாகக் கிடக்கும் என்று விமர்சனம் வந்தது. அந்த நகரமும் அதை உணர்ந்து, தன்னுடைய வீதிப் பரிசோதகர்களை வைத்தும் தரவு எடுத்தது.

வரைபடத்தில் வெறுமையாக இருக்கிற தெருவுக்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். ஒன்று, அங்கே கிடங்கே இல்லை. மற்றது, அங்கே யாருமே அளக்கவில்லை. இரண்டையும் ஒரே வெள்ளை நிறத்தில் காட்டினால், ஆகக் கவனிக்கப்படாத தெருதான் ஆக நல்ல தெரு என்று ஆகிவிடும்.

தரம் என்றால் என்ன செய்வது?

2017இல் அமெரிக்க மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஒவ்வொரு மாநிலமும் தன் வீதித் தரவின் தரத்தை எப்படி உறுதிப்படுத்துகிறது என்று எழுத்தில் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும். கருவிகளின் அளவு சரிபார்க்கப்பட்டுச் சான்று பெற வேண்டும். கையால் மதிப்பிடுகிற ஆட்களும் சான்று பெற வேண்டும். தரவு எடுக்க முதலும் எடுக்கும்போதும் சோதனை நடக்க வேண்டும். எடுத்த தரவில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டும். பிழை கண்டால் எப்படித் திருத்துவது, எந்த அளவுக்கு மேல் தரவையே ஏற்பதில்லை என்பதையும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

நடைமுறையில் இதற்குச் சுவாரசியமான தந்திரங்கள் இருக்கு. சில துண்டுகளின் உண்மை அளவை முதலே எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் துண்டு என்று சொல்லாமலே தரவு சேகரிப்பவரை அதில் ஓடவிடுவார்கள். கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவர் அவசர அவசரமாக ஓடி முடித்தால் அங்கே பிடிபடுவார். போன வருசத் தரவோடு இந்த வருசத் தரவை ஒப்பிடுவார்கள். ஒரு வேலையும் நடக்காமல் ஒரு றோட் சட்டென்று நல்லாகியிருந்தால், அற்புதம் நடந்தது என்று எடுத்துக்கொள்ளாமல் பிழையைத் தேடுவார்கள். எண் எந்த இடத்துக்குரியது என்பதையும் சோதிப்பார்கள். இருநூறு மீற்றர் தள்ளிப் பதிவான சரியான எண், பக்கத்துத் தெருவுக்குப் பொய்.

இதெல்லாம் பணக்கார நாட்டுக்குத்தான் என்று சொல்ல ஏலாது. காசு இல்லாத இடத்தில்தான் பிழையான தரவு அதிகம் வலிக்கும். இருக்கிற தார் பத்துத் தெருவுக்குத்தான் போதும் என்றால், அந்தப் பத்தையும் பிழையாகத் தெரிந்தெடுத்த பிறகு பதினோராவது தெருவுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதோடு, கொஞ்சம் கெட்டபோதே திருத்தினால் குறைந்த செலவில் முடிகிற றோட்டை, அடித்தளம் போகும் வரைக்கும் விட்டால் கிண்டியெடுத்துத் திரும்பப் போட வேண்டி வரும். "கொஞ்சம் கெட்டது" எது என்று கண்டுபிடிக்க நல்ல தரவு வேண்டும். முழுசாகக் கெட்டதைக் கண்டுபிடிக்கக் கண்ணே போதும்.

எங்கட கையில் இருப்பது என்ன? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கு. ஒரு பொது அதிகார சபையிடம் விண்ணப்பம் கொடுத்தால், தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். தமிழிலும் எழுதலாம். "எங்கட தெருவை எப்ப திருத்துவீர்கள்?" என்று கேட்டால் "ஆவன செய்யப்படும்" என்ற பதிலோடு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக இப்படிக் கேட்டுப் பார்க்கலாம்: இந்தத் தெருவின் நிலை கடைசியாக எந்தத் திகதியில் அளக்கப்பட்டது? எந்தக் கருவியால், அல்லது யார் கண்ணால்? அந்த அளவை வேறு யாரும் சரிபார்த்தார்களா? இந்த வட்டாரத்தில் அளக்கப்படாத தெருக்கள் எவை? திருத்த வேலைப் பட்டியலில் முன்பின் வரிசை எந்த அளவை வைத்துத் தீர்மானிக்கப்பட்டது?

"அளக்கப்படவில்லை" என்று பதில் வந்தால் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கோ. வெள்ளையாகக் கிடந்த தெருவுக்கு அதன் உண்மையான நிறம் அன்றைக்குத்தான் கிடைக்கும். பிறகு ஒரு பழைய சைக்கிள் சில்லும், வெல்டிங் கடையில் அரைநாள் வேலையும், 200 புள்ளடி போடப் பொறுமையுள்ள இரண்டு மூன்று பேரும் இருந்தால் முதல் அளவை நாங்களே எடுக்கலாம். எடுத்த திகதி, கருவி, எடுத்தவர்கள், எந்த மின்கம்பத்தில் இருந்து எந்த மின்கம்பம் வரை என்று எல்லாவற்றையும் தாளின் அடியில் எழுதிவிட வேணும். நாங்கள் எடுத்ததில் சந்தேகம் உள்ளவர்கள் வந்து திரும்ப அளந்து பார்க்கட்டும்.